நீண்ட உள்நாட்டுப் போரும் பிறப்பும் குடும்பமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய நான்கு இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. மக்கள்தொகையியல் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் மாணவர்களை அந்த முகாம்களுள் ஒன்றுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். போவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் அவர்கள் கேட்ட கேள்விகளையும், அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 ஜூலையில் தொடங்கி 2009 மே மாதத்தில் முடிந்தது. ஏறத்தாழ 26 ஆண்டுகள் என்பது ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, மணமாகித் தாயாவதற்குப் போதுமான காலம். ஆகவே பதில்களில் பெரும்பகுதி அந்தப் போரைப் பற்றியதாகவே இருக்கும்.

போர் நடக்கும் நாட்டில் குழந்தைப் பிறப்பு குறையுமா, கூடுமா?

இரண்டும் நடந்திருக்கின்றன. குறுகிய காலப் போரில் பாதை ஓரளவு தெளிவாகத் தெரியும். கணவன் போர்முனையில் இருக்கிறான், திருமணங்கள் தள்ளிப்போகின்றன, உணவுக் குறைவால் பெண்களின் மாதவிடாய் நின்றுபோகிறது. இவற்றால் பிறப்பு சரிகிறது, போர் ஓய்ந்ததும் மீண்டும் எழுகிறது. ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் இறுதி ஆண்டுகளில் பிறப்பு விழுந்து, 1940இல் சற்றே நிமிர்ந்தது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் பிறப்பு மிகவும் குறைந்து, அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு பெரும் எண்ணிக்கையில் குழந்தைகள் பிறந்தன.

நீண்ட போரில் இந்த விதி செல்லுபடியாவதில்லை. நான்கு ஆண்டுகள் திருமணத்தைத் தள்ளிப்போடலாம், இருபத்தாறு ஆண்டுகள் தள்ளிப்போட யாராலும் இயலாது. மக்கள் போருக்குள்ளேயே மணம் முடிக்கிறார்கள், பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே பிள்ளை பெறுகிறார்கள். எனவே பிறப்பு எந்தத் திசையில் நகரும் என்பதைப் போர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. போருக்கு முன் அந்தச் சமூகத்தில் பெண்கல்வி எவ்வளவு இருந்தது, மருத்துவ வசதி எவ்வளவு எஞ்சியது, ஆண்கள் எங்கே போனார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. நேபாளத்தில் மாவோயிஸ்ட் போர் நடந்த 1996 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளில் ஒரு பெண் பெறும் சராசரிப் பிள்ளைகள் 4.6இலிருந்து 3.1ஆகக் குறைந்தன. ஆண்கள் கூட்டங்கூட்டமாக வெளிநாட்டு வேலைக்குப் போனதும், கருத்தடை வசதி பரவியதும் அதில் சேர்ந்தே வேலை செய்தன. அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை போர் நடந்தது. அது முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்பிலும் அந்தச் சராசரி 6க்கு மேலேயே இருந்தது. இரண்டுமே நீண்ட உள்நாட்டுப் போர்கள்தான், ஆனால் விளைவுகள் நேரெதிரானவை.

பிறப்பு விகிதமும் கருவுறுதல் விகிதமும் ஒன்றுதானே?

அல்ல. பிறப்பு விகிதம் என்பது ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகையில் ஓராண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பது. மொத்தக் கருவுறுதல் விகிதம் என்பது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை. இளைஞர்கள் வெளியேறி முதியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் ஊரில், இருக்கும் பெண்கள் முன்போலவே பிள்ளை பெற்றாலும் பிறப்பு விகிதம் விழுந்துவிடும். போர்ப் பகுதியைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம்.

அப்படியானால் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் என்னதான் நடந்தது? எண்கள் இல்லையா?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. போர் முதலில் அழித்தவற்றுள் கணக்கும் ஒன்று. 1981இல் இலங்கை முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நடக்க வேண்டியது நடக்கவே இல்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. நாடு முழுவதையும் தழுவிய அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. வீடுவீடாகச் சென்று தாய்மார்களிடம் மகப்பேறு விவரம் கேட்கும் மாதிரி ஆய்வுகளும் போர்க் காலத்தில் வடக்கை விட்டுவிட்டே எடுக்கப்பட்டன. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு 2016ஆம் ஆண்டினது. அதன்படி நாட்டின் கருவுறுதல் விகிதம் 2.2.

ஆகவே, “போர்க் காலத்தில் இலங்கையின் கருவுறுதல் குறைந்தது” என்று ஒரு நூலில் படித்தால், அந்தக் கணக்கு பெரும்பாலும் போர் நடக்காத பகுதியினுடையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே 1950களின் தொடக்கத்தில் 5க்கு மேல் இருந்த விகிதம், பெண்கள் படித்துத் தாமதமாக மணந்ததாலும் குடும்பநலச் சேவை ஊர்தோறும் எட்டியதாலும் போர் தொடங்கும் முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது.

வடக்கில் நடந்ததை மக்கள் எண்ணிக்கையைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். இன்றைய எல்லைப்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 7.3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2012இல் அது ஏறத்தாழ 5.8 இலட்சம். முப்பது ஆண்டுகளில் கூட வேண்டிய ஒரு மாவட்டம் சுருங்கியிருக்கிறது. கொல்லப்பட்டவர்கள், கனடா, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று போனவர்கள், இராமேசுவரம் கரையேறியவர்கள், அவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய குழந்தைகள் எல்லோரும் அந்த வெற்றிடத்துக்குள் இருக்கிறார்கள். இதனைப் பிறப்புக் குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

போரால் திருமண வயது கூடியதா, குறைந்ததா?

ஒரே வீட்டில் இரண்டும் நடந்தன. மக்கள்தொகையியலில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உள்ள பகுதி இது. போர் பிறப்பைத் தொடும் முன் திருமணத்தைத் தொடுகிறது என்பதே நான் இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டது.

முதலில் தாமதம். யாழ்ப்பாணத்தில் சீதனம் என்பது நகையும் பணமும் மட்டுமல்ல, வீடும் காணியும் சேர்ந்தது. குண்டு விழுந்து வீடு போன குடும்பமும், காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட குடும்பமும் மகளுக்கு எதைக் கொடுக்கும்? அண்ணன்மார் வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பும்வரை தங்கைமார் காத்திருந்தார்கள், தங்கைமாரை ஒப்பேற்றும்வரை அண்ணன்மாரும் காத்திருந்தார்கள். இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஆயுதப் போராட்ட இயக்கங்களில் சேர்ந்து மடிந்தார்கள், இன்னொரு பகுதியினர் சுற்றிவளைப்புக்கும் கைதுக்கும் அஞ்சி நாட்டைவிட்டுப் போனார்கள். அதனால் மணவயதுப் பெண்களுக்கு இணையாக ஆண்கள் ஊரில் இல்லை. பெண் யாழ்ப்பாணத்தில், மாப்பிள்ளை டொரண்டோவில் என்றிருக்க, இரு வீட்டாரும் கொழும்பிலோ சென்னையிலோ திருச்சியிலோ கூடித் தாலி கட்டுவதும், அதன் பிறகு விசா கிடைக்கும்வரை மணமக்கள் பிரிந்திருப்பதும் ஒரு தலைமுறையின் வழக்கமாகவே ஆயின. வளைகுடா மாப்பிள்ளையைக் கண்ட குமரி மாவட்டத்துக்கு இந்தப் பிரிவு ஓரளவு புரியும். ஆனால் நம் ஊர்ப் பையன் விடுமுறைக்கு வந்து போக முடியும், அகதியாகப் போனவரால் அது முடியாது.

மறுபுறம் அவசரம். போரின் இறுதி ஆண்டுகளில் வடக்கின் வன்னிப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் கட்டாயமாக ஆள் சேர்த்தபோது, மணமானவர்களைப் பொதுவாக விட்டுவைத்தார்கள். அதனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசர அவசரமாகத் திருமணம் செய்துவைத்தார்கள். கடைசியில் அந்த விலக்கும் உறுதியாக நிற்கவில்லை. படையினரின் முகாம்கள் ஊருக்குள் இருந்த இடங்களிலும், பெண்பிள்ளையைக் காப்பாற்றும் வழி அவளைக் கட்டிக்கொடுப்பதே என்று எண்ணிய வீடுகள் உண்டு. இப்படி மணமானவர்களுக்குப் பள்ளிப் படிப்பு நின்றது, முதல் குழந்தை சிறு வயதிலேயே பிறந்தது, சிலர் இருபது வயதுக்குள் கணவரையும் இழந்தார்கள்.

மேலே சொன்ன இரு போக்குகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், திருமண வயது பெரிதாக மாறவில்லை என்று கணக்கு சொல்லக்கூடும். முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்த அக்காளும் பதினாறில் மணமான தங்கையும் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுவார்கள். நான் மாணவர்களிடம் சராசரியை மட்டும் நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குழந்தையை இழந்த பெற்றோர் மீண்டும் பெற்றுக்கொள்கிறார்களா?

பலர் விரும்புகிறார்கள், எல்லோராலும் இயல்வதில்லை. மக்கள்தொகையியலில் இதனை ஈடுசெய்யும் பிறப்பு என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது. எனினும் நடப்பது என்ன என்பதை நம் கடற்கரையே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளை அலைக்குக் கொடுத்தார்கள். அவர்களுள் பலர் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். அந்த அறுவையை மாற்றி மீண்டும் கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தமிழ்நாடு அரசு அப்போது முன்வந்தது.

போரில் அப்படி ஒரு கை நீளுவது அரிது. சுனாமி ஒரு காலைப்பொழுதில் வந்து போயிற்று, மறுவாரம் மருத்துவமனை இயங்கியது. போரில் மருத்துவமனையும் தாக்கப்படுகிறது, மருந்தும் தடுக்கப்படுகிறது, கணவனும் உடன் இருப்பதில்லை. அதனால் இழந்தவர்கள் எல்லோரும் மீண்டும் பெறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு நீண்ட போர்களில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பேறுகாலம் எப்படி இருந்தது?

நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் பணியை இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் செய்கிறார். மக்கள் இதமாக அவரை மருத்துவிச்சி என்றே அழைப்பார்கள். போருக்கு முன் இலங்கையின் தாய்சேய் நலத்துக்கு அடித்தளமாக இருந்தவர் அவரே. போரின்போது அவரும் இடம்பெயர்ந்தார். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் பக்கத்துப் பகுதியான தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தக் கூட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தார்கள், பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் இருவரும் ஒருவரையொருவர் கண்டடைய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் தாண்டியும் அப்பகுதியின் தாய்மார்கள் மருத்துவமனைப் பிரசவத்தை விட்டுவிடவில்லை என்பதை நான் வியப்போடு நினைப்பதுண்டு. கல்வி ஒருமுறை ஊன்றிவிட்டால் போரால் அதை எளிதில் பிடுங்க முடிவதில்லை.

காணாமல் போன கணவரின் மனைவி விதவையா, சுமங்கலியா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் தூத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மாணவி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத தெருவிலிருந்து வந்தவர். கரையில் காத்திருந்த பெண்களுக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்பது அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் நிலைப்பாடு. அந்தக் காலக்கெடுவுக்குக் காத்திராமல் நிவாரணம் கிடைக்க அப்போது அரசு வழி செய்தது. எனவே இந்தத் துயரம் என்னவென்று குமரிக் கடற்கரைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அது பல மடங்கு பெரியது. போர் முடிந்ததும் 2010இல் துணை அமைச்சர் ஒருவர் வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் இருப்பதாகத் தெரிவித்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியர் பலர் தம்மை விதவை என்று எழுத மறுத்தார்கள். 2010ஆம் ஆண்டின் ஒரு சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாதவருக்கு மரணச் சான்றிதழ் பெற இடமளித்தது. அதை வாங்கினால் உதவி கிடைக்கும். ஆனால் படையினரிடம் கையளித்த கணவரை, நேரில் பார்த்து அனுப்பிவைத்த மகனை, இறந்தவர் என்று மனைவியும் தாயும் கையெழுத்திட வேண்டும். எத்தனையோ பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களின் விடாப்பிடியால்தான் 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமைச் சான்றிதழ் என்ற ஒன்று வந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

இதில் சொத்துச் சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்றே தெரியாதபோது சம்மதத்தை யாரிடம் வாங்குவது? தன் சீதனக் காணியை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாத பெண் நுண்கடன் நிறுவனத்திடம் போகிறாள், வாராவாரம் தவணை கட்டுகிறாள். மறுமணம் என்ற பேச்சே எழுவதில்லை. அவளுக்கு வயது இருபத்தைந்தாக இருந்தாலும், பிறப்புக் கணக்கைப் பொறுத்தவரை அவளுடைய தாய்மை அத்தோடு முடிந்துவிட்டது. போர் பிறப்பைக் குறைக்கும் வழிகளுள் ஓசையில்லாத வழி இதுதான்.

முகாம்களில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் அதிகமாமே?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு முன்முடிவோடுதான் வருகிறது, அது என்னை வருத்துகிறது. முகாமில் நிறையக் குழந்தைகள் கண்ணில் படுவதற்குக் காரணம் இட நெருக்கடி. பழைய முகாம் வீடுகள் ஒற்றை அறையாகவும் சுவர் பகிர்ந்தவையாகவும் கட்டப்பட்டவை, குழந்தைகளுக்குத் தெருவே முற்றம். நம் வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்குள் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

முகாம்ப் பெண்கள் போகும் ஆரம்ப சுகாதார நிலையமும், அவர்கள் படித்த அரசுப் பள்ளியும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானவை. கருவுறுதலை நிர்ணயிக்கும் சூழல் ஒன்றாக இருக்கும்போது பழக்கமும் ஒன்றாகிறது. நான் பேசிய இளம் தாய்மார்கள் எல்லோரும் ஒரு பிள்ளை அல்லது இரண்டு போதும் என்றே சொன்னார்கள். “பத்துக்குப் பத்து அறையில் மூன்றாவதை எங்கே கிடத்துவது, சார்?” என்று ஒரு தாய் கேட்டார். அந்த அறையில் மாமனார், மாமியார், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் எனப் பலரும் உறங்கினார்கள். புதுமணத் தம்பதிக்குத் தனிமை என்பது ஒரு சேலைத் திரை மட்டுமே. குடும்ப வாழ்க்கை பற்றி எழுதுபவர்கள் அந்தத் திரையைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் திட்டத்தை அறிவித்தபோது, முகாமினர் முதலில் கேட்டது எத்தனை அறை என்பதைத்தான்.

நம் மாவட்டத்திலும் பிறப்பு குறைவாகத்தானே இருக்கிறது? நமக்குப் போர் இல்லையே!

உண்மை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.8. ஒரு தலைமுறை தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்த குமரி மாவட்டம் அந்தப் பாதையில் முன்னதாகவே நடந்தது. இங்கே குறைவு என்பது பெண்கள் படித்து, வேலைக்குப் போய், தாமே எடுத்த முடிவு. இலங்கையின் வடக்கில் அதே குறைவின் ஒரு பகுதி யாரும் எடுக்காத முடிவு. இரண்டு இடங்களிலும் எண் ஒன்றாக இருக்கலாம்.

வேறு இனத்தவரின் குடும்பங்கள் பாதிக்கப்படவில்லையா?

பாதிக்கப்பட்டன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைச் சில நாள்களுக்குள் வெளியேற்றினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கினார்கள், அங்கேயே மணந்து, அங்கேயே பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லும் கதை. தெற்கில் இராணுவத்தில் சேர்ந்து மடிந்த ஏழைச் சிங்கள இளைஞர்களின் மனைவியரும் அதே வயதில்தான் தனியானார்கள்.

முகாமில் பிறந்த குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். அதன் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிந்திப் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. முகாமில் பிறந்தவர்களுள் பெரும்பாலோர் 1990க்குப் பின் பிறந்தவர்கள் என்பதால், இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் பேச்சுத் தமிழைப் பேசியும் குடிமக்கள் ஆகாமல் நிற்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

பேரூராட்சியோ நகராட்சியோ தரும் பிறப்புச் சான்றிதழ் பிறந்த இடத்துக்கும் நாளுக்கும் ஆதாரம், குடியுரிமைக்கு அது போதாது. ஆயினும் அதைத் தவறாமல் வாங்கிவிட வேண்டும், பிள்ளையின் பெயரும் பெற்றோரின் பெயரும் முகாம்ப் பதிவிலும் சான்றிதழிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால், இலங்கைக் குடியுரிமைக்கு உரிமை கோரலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் அந்த உரிமை உண்டு. இந்தப் பதிவுக்கு உதவும் பணியை ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லாதவர்களும் இதைச் செய்து வைப்பது நல்லது. எந்த நாட்டின் ஏட்டிலும் பெயர் இல்லாத பிள்ளைக்குப் பின்னாளில் திருமணப் பதிவிலும், தன் பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் அதே சிக்கல் மீண்டும் வரும்.